ஃபோர்மேன் கைக்காசில் வாங்கிய பத்திரிகை

'கெம்பா டொ கியூ.சி.' என்ற ஜப்பானியப் பத்திரிகையின் முதல் இதழ் 1962 ஏப்ரலில் வெளியானது. 'கெம்பா' என்றால் வேலை நடக்கும் இடம், 'கியூ.சி.' என்பது தரக்கட்டுப்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம். 'பட்டறையும் தரமும்' என்று தமிழில் அதற்குப் பெயர் வைக்கலாம். நிர்வாகவியல் பத்திரிகை என்றாலே மேலாளரின் மேஜைக்குப் போவது என்றிருந்த காலத்தில், லைனில் நிற்கும் ஃபோர்மேனுக்காக இது பிறந்தது. கம்பெனி சந்தா கட்டி வாங்கிப்போட்டால் படிப்பார் என்று விட்டுவிடாமல், ஃபோர்மேன் தன் கைக்காசிலேயே வாங்கும்படி அதன் விலை குறைவாக வைக்கப்பட்டது.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான பெரிய ஆலைகளில் லைன் ஓரத்துப் பலகையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்திரிகை அந்நியமாகத் தோன்றாது. காரணங்களைக் கிளை பிரித்துக் காட்டும் மீன்முள் படம், எந்தக் குறை அதிகம் என்று காட்டும் பரேட்டோ படம், குழுவுக்கு ஒரு பெயர், குழுவினரின் புகைப்படம், 'எடுத்துக்கொண்ட பிரச்சினை', 'கண்டுபிடித்த காரணம்' என்று கட்டம் கட்டிய தாள் என அந்தப் பலகையில் உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த இதழின் பக்கங்களிலிருந்து கிளம்பி வந்தவை. 'ஜி.எம். கெம்பா வர்றார்' என்று ஷிப்ட் தொடங்கும்போது சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சொல்லும் தமிழ் வாக்கியத்துக்குள் குடியேறிவிட்டது. பத்திரிகை மட்டும் வரவில்லை.

போருக்குப் பிந்தைய ஜப்பானில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் 1946இல் அமைந்தது. 'ஜூஸ்' என்ற சுருக்கப் பெயரால் உலகம் அறிந்த அமைப்பு இது. ஜப்பானியப் பொருள் என்றால் மட்டமான பொருள் என்று உலகம் நினைத்த காலம். ஒன்றியம் 1949இல் புள்ளியியல் தரக்கட்டுப்பாட்டுக்கு வகுப்பு தொடங்கியது. 1950இல் பொறியாளர்களுக்காக 'ஹின்ஷிட்சு கன்ரி' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் டோக்கியோவில் எட்டு நாள் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்தின் அச்சுப் பிரதி விற்றதில் தனக்குச் சேர வேண்டிய தொகையை அவர் ஒன்றியத்திடமே விட்டுவிட்டார். அந்தப் பணத்தைக் கொண்டு 1951இல் ஏற்படுத்தப்பட்டதுதான் டெமிங் பரிசு. 1954இல் ஜோசப் ஜூரான் வந்தார். தரம் என்பது சோதனைப் பிரிவின் தலைவலி அல்ல, நிர்வாகத்தின் பொறுப்பு என்று கம்பெனித் தலைவர்களை உட்காரவைத்துச் சொன்னார்.

இவர்கள் கற்பித்த கருவிகளின் மூலம் அமெரிக்காவில் இருந்தது. பெல் தொலைபேசிக் குழுமத்தின் வால்டர் ஷூவர்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். ஓர் எந்திரத்தில் வரும் அளவு வேறுபாட்டில் எது இயல்பானது, எது கோளாறின் அறிகுறி என்று பிரித்துக் காட்டும் எளிய படம் அது. இங்கே கொஞ்சம் வயிறெரியும் செய்தி ஒன்று உண்டு. டெமிங் ஜப்பானில் பாடம் நடத்துவதற்கு முன்பே, 1947-48இல், ஷூவர்ட்டே இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அவரை அழைத்திருந்தது. 1950களில் பெங்களூர், பம்பாய், கல்கத்தா நகரங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளும் தொடங்கப்பட்டன. விதை இரண்டு நாட்டுக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்தான் வந்தது. இங்கே அது பொறியாளரோடும் புள்ளியியலாளரோடும் நின்றுபோனது. ஜப்பானிலும் முதல் பத்தாண்டில் அதே நிலைதான்.

அந்த நிலையை மாற்ற எடுத்த முயற்சிகளின் முடிவில்தான் பத்திரிகை வருகிறது. 1956இல் ஜப்பானியச் சிற்றலை வானொலி ஃபோர்மேன்களுக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பாடம் ஒலிபரப்பத் தொடங்கியது. 1960இல் அவர்களுக்கென்று தனிப் பாடநூல் வந்தது. 'ஹின்ஷிட்சு கன்ரி' ஃபோர்மேன்களுக்காகச் சிறப்பிதழ் போட்டது. அவர்களை அழைத்துக் கலந்துரையாடல் நடத்தி, அதையும் அச்சிட்டது. வந்தவர்களின் கோரிக்கை நேரடியானது: பொறியாளர் பத்திரிகை தங்களுக்குப் புரிவதில்லை, விலையும் கட்டுப்படியாவதில்லை, தங்களுக்கென்று எளிமையான ஒரு பத்திரிகை வேண்டும்.

புதிய பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்குத் தலைவரானவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா (1915–1989). மீன்முள் படத்தை உருவாக்கியவரும் இவரே. தந்தை இச்சிரோ இஷிகாவா ஒன்றியத்தின் தலைவர். நாட்டின் பெருந்தொழில் கூட்டமைப்பான கெய்டன்ரெனுக்கும் முதல் தலைவர். மகன் மேட்டிமையின் மடியில் வளர்ந்தும், அவர் கவனமெல்லாம் லைனில் நிற்கும் ஆளின் மீது இருந்தது. திட்டமிடுவது ஒரு சாதி, செய்வது ஒரு சாதி என்று அமெரிக்கர் டெய்லர் பிரித்துவைத்த முறை படிப்பறிவு பெற்ற ஜப்பானியத் தொழிலாளிக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். பரேட்டோ படம், மீன்முள் படம், சரிபார்ப்புத் தாள், கட்டுப்பாட்டு வரைபடம் போன்ற ஏழு எளிய கருவிகளைக் கற்றுக்கொண்டால் பட்டறையின் சிக்கல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை அங்கே வேலை செய்பவர்களே தீர்த்துவிடலாம் என்று அவர் சொல்லிவந்தார்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. அந்த ஊரில் பிறந்த இராமானுசர், குரு மறைவாகச் சொல்லிக்கொடுத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. இஷிகாவா ஏறி நின்ற கோபுரம் ஒரு மலிவு விலைப் பத்திரிகை.

பத்திரிகையின் கொள்கைகள் மூன்று. உள்ளடக்கம் ஃபோர்மேனுக்குக் கல்வியாகவும் பயிற்சியாகவும் அமைய வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் வரலாற்றை மாற்றியது: ஃபோர்மேனைத் தலைவராகக் கொண்டு, அவர் கீழ் வேலை செய்பவர்களைச் சேர்த்துப் பட்டறைதோறும் குழுக்கள் அமைய வேண்டும். அந்தக் குழுவுக்குப் பத்திரிகை 'கியூ.சி. சர்க்கிள்' என்று பெயர் வைத்தது. பின்னாளில் உலகம் முழுவதும் 'தர வட்டம்' என்று பரவியது இதுதான்.

அந்தக் குழு ஏன் தேவைப்பட்டது என்பதை இந்திய ஆலைகள் அனேகமாக மறந்துவிட்டன. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகளான ஃபோர்மேன் தனியாக உட்கார்ந்து படிக்க மாட்டார் என்பது இஷிகாவாவுக்குத் தெரிந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் பத்திரிகை மூலையில் கிடக்கும். ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து வாய்விட்டுப் படிக்கட்டும், படித்ததைத் தங்கள் எந்திரத்தில் செய்து பார்க்கட்டும் என்று அவர் நினைத்தார். தர வட்டம் முதலில் ஒரு வாசகர் வட்டம். பிரச்சினையைத் தீர்க்கும் வேலை அந்த வாசிப்பின் தொடர்ச்சியாகப் பின்னால் வந்தது. நம் ஊர் டீக்கடைகளில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டு வாதம் செய்த வழக்கத்துக்கு இது வெகு தொலைவில் இல்லை.

குழு அமைத்தவர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பத்திரிகை அறிவித்தது. 1962 மே மாதம் முதலில் பதிவானது நிப்பான் தந்தி, தொலைபேசி நிறுவனத்தின் மட்சுயாமா குழு. அடுத்த ஆண்டு மே மாதம் செண்டாய் நகரில் முதல் மாநாடு கூடியது. எந்திரத்தில் வேலை செய்பவர் தான் தீர்த்த சிக்கலை மேடையேறிச் சொன்னார். அப்படிச் சொன்னவை பத்திரிகையில் கட்டுரைகளாயின. வாசகரே எழுத்தாளரும் ஆனார். காலாண்டிதழாகத் தொடங்கியது சில ஆண்டுகளில் மாத இதழாயிற்று, பிற்காலத்தில் 'எஃப்.கியூ.சி.' என்றும், பிறகு 'கியூ.சி. சர்க்கிள்' என்றும் பெயர் மாறியது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் பதிவு பெற்ற குழுக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். உறுப்பினர்கள் பத்து லட்சம் பேருக்கும் மேல்.

உலகின் பெயர்பெற்ற நிர்வாகப் பத்திரிகைகள் வேறொரு வாசகரை மனத்தில் வைத்து எழுந்தவை. 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ' 1922இல் ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியிலிருந்து வந்தது. 'பிசினஸ் வீக்' 1929இல், பங்குச்சந்தை சரிவதற்குச் சில வாரங்கள் முன்பு. ஹென்றி லூஸின் 'ஃபார்ச்சூன்' 1930 பிப்ரவரியில், பெருமந்தம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பிரதி ஒரு டாலர் என்று வந்தது. மார்கரெட் பூர்க்-ஒயிட்டின் ஒளிப்படங்கள், அர்ச்சிபால்ட் மக்லீஷ் போன்ற கவிஞர்களின் உரைநடை, கனமான தாள் என்று அழகில் குறை சொல்ல முடியாத பத்திரிகை அது. ஆலைகளின் படங்கள் பக்கம் பக்கமாக அதில் இருந்தன. ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர் வாங்கும் விலையல்ல ஒரு டாலர்.

ஜப்பானியப் பட்டறையில் நடப்பது மேலைநாட்டு மேஜைகளுக்குத் தாமதமாகவே தெரிந்தது. 1966இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஜூரான் தர வட்டங்களைப் பற்றிப் பேசி, தரத்தில் ஜப்பான் உலகை முந்தும் என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு அதைக் கட்டுரையாகவும் எழுதினார். கேட்டவர் குறைவு. அமெரிக்காவில் லாக்ஹீட் நிறுவனம் 1974இல் தர வட்டம் தொடங்கியது. 1981இல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ'வில் ராபர்ட் ஹேய்ஸ் ஜப்பானிய ஆலைகளைப் பார்த்துவந்து எழுதினார். மாயமந்திரத் தொழில்நுட்பம் எதையும் அவர் அங்கே காணவில்லை. கண்டது சுத்தமும் ஒழுங்கும், குவியாத சரக்கும், சின்னச் சின்னக் கோளாறையும் விடாமல் துரத்தும் பழக்கமும். ஃபோர்மேன் பத்திரிகை வந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவின் வணிகப் பத்திரிகைகளும் மேஜைப் பத்திரிகைகளே. கல்கத்தாவின் 'கேபிடல்' 1888இல் தொடங்கியது. பம்பாயின் 'காமர்ஸ்' 1910இல். பிர்லா குடும்பத்தின் 'ஈஸ்டர்ன் எகனாமிஸ்ட்' 1943இல் வந்தது. சென்னையிலிருந்து எஸ். விஸ்வநாதன் 1968இல் தொடங்கிய 'இண்டஸ்ட்ரியல் எகனாமிஸ்ட்' தென்னிந்தியத் தொழில்துறையைத் தொடர்ந்து பதிவு செய்தது. தமிழ்நாட்டுத் தொழில் வரலாற்றை எழுத வருபவர் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. 1978இல் 'பிசினஸ் இந்தியா', 1992இல் 'பிசினஸ் டுடே', 1994இல் சென்னையிலிருந்து 'பிசினஸ் லைன்' நாளிதழ். தமிழில் சிறுதொழில் முனைவோருக்கு 'வளர்தொழில்', சேமிப்பவர்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் 2005 முதல் 'நாணயம் விகடன்', 2013இல் 'தி இந்து' என்ற பெயரில் தொடங்கிய தமிழ் நாளிதழின் 'வணிக வீதி' என்று ஒரு வரிசை உண்டு. கடன் வாங்குவது, கடை வைப்பது, பங்கு வாங்குவது பற்றித் தமிழில் நன்றாக எழுத முடியும் என்று இவை காட்டிவிட்டன. ஒரு டார்க் ரெஞ்ச் ஏன் பிற்பகல் ஷிப்டில் மட்டும் தவறான அளவு காட்டுகிறது என்ற கேள்விக்கு இவற்றில் இடமில்லை. அது இவற்றின் குற்றமல்ல. இவற்றின் வாசகர் வேறு.

ஆகவே ஜப்பானிய ஃபோர்மேன் பத்திரிகையின் கருத்துகள் இந்தியாவுக்குப் பத்திரிகை வழியாக வரவில்லை. முதலில் வந்தது பொதுத்துறை வழி. பி.எச்.இ.எல். நிறுவனத்தின் ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் ஆலையில் 1980-81 காலத்தில் தர வட்டங்கள் தொடங்கின. அங்கே அதை முன்னின்று நடத்திய எஸ்.ஆர். உடுப்பா 1982இல் இந்திய தர வட்ட மன்றத்தை நிறுவினார். செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மன்றத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் அதன் போட்டி மாநாடுகளுக்கு ஆலைகளிலிருந்து குழுக்கள் போகின்றன. 1983இல் மாருதி கார் வந்தபோது சுசுகியின் பழக்கங்கள் கூடவே வந்தன: எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன்.

தமிழ்நாட்டு வழி சென்னைப் பாடியில் தொடங்குகிறது. ஏர் பிரேக் செய்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனம் யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலில் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1998இல் டெமிங் பரிசை வென்றது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அது. 2002இல் டி.வி.எஸ். மோட்டார், 2003இல் ரானே பிரேக் லைனிங், பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பு ஆலை, 2004இல் லூக்காஸ்-டி.வி.எஸ். என்று சென்னை வட்டாரத்து உதிரிபாகக் கம்பெனிகளும் அவற்றின் உறவு நிறுவனங்களும் வரிசையாகப் பரிசு பெற்றன. ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் சேர்ந்து அமைத்த ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் சென்னையில் ஜப்பானிய மொழியையும் ஜப்பானிய நிர்வாக முறையையும் கற்பித்துவந்தது. பெரிய வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வந்திறங்கும் முன்பே நிலம் கொஞ்சம் பண்பட்டிருந்தது.

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ சந்தைக்கு வந்தது. அதன் பிறகு மாநில அரசின் சிப்காட் தொழில் வளாகங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. 2000இல் செயின்ட்-கோபைன் கண்ணாடி, 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், அதே காலத்தில் ஒரகடத்தில் கோமாட்சு. 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012 ஏப்ரலில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் ஆலை. 2013இல் ராயல் என்ஃபீல்டு. 2015இல் வல்லம் வடகாலில் யமஹா. சுந்தரம்-கிளேட்டனின் வார்ப்பு ஆலையும் ஒரகடத்துக்கு வந்தது. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் இரண்டு பத்தாண்டுக்குள் மூன்று ஷிப்ட் பஸ்கள் ஓடத் தொடங்கின.

இங்கே தர வட்டத்தையும் அதன் உறவுக்காரக் கருத்துகளையும் பரப்பியது தணிக்கை. கார் கம்பெனி தன் உதிரிபாகக் கம்பெனியைப் பார்வையிட வரும்போது கேள்விப் பட்டியல் கொண்டுவரும்: 'ஃபைவ் எஸ்' என்ற பட்டறை ஒழுங்கு முறை இருக்கிறதா, கைசன் என்ற சிறு மேம்பாடு மாதத்துக்கு எத்தனை, குழு எத்தனை. மதிப்பெண் குறைந்தால் ஆர்டர் குறையும். உதிரிபாகக் கம்பெனி தனக்குக் கீழே இருக்கும் லேத் பட்டறையிடம் அதே பட்டியலை நீட்டும். படிநிலை வழியாக இறங்கிவந்த இந்தக் கட்டாயத்தை இகழ்ந்து பேசுவது எளிது. ஆனால் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் உள்ள எத்தனையோ சிறு பட்டறைகளின் தரை சுத்தமானதும், ரிஜெக்‌ஷன் பெட்டிக்குச் சிவப்பு வண்ணம் வந்ததும் இந்தக் கட்டாயத்தால்தான். கல்வி நிறுவனங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. 2007இல் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டலில் உற்பத்தித் தலைவர்களுக்கான பயிற்சித் திட்டம் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி. அதில் பங்கேற்றது, ஷிபாவுக்கு 2012இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2017இல் நாட்டில் முதலில் தொடங்கிய நான்கு ஜப்பான்-இந்திய உற்பத்திப் பயிற்சி நிறுவனங்களில் ஒன்றை யமஹா தமிழ்நாட்டில் அமைத்தது.

வடிவம் வந்துவிட்டது, வாசிப்பு வரவில்லை. இந்த வேறுபாடு சின்னது போலத் தோன்றும், சின்னதல்ல. இஷிகாவாவின் குழுவில் படிப்பதும் யோசிப்பதும் எழுதுவதும் ஒரே ஆட்கள். இந்தப் பகுதியின் பல ஆலைகளில் குழுவின் சிக்கலைத் தேர்ந்தெடுப்பது எஞ்சினியர், படம் வரைவது எஞ்சினியர், மாநாட்டுக்கான ஸ்லைடை ஆங்கிலத்தில் தயாரிப்பதும் அவரே. ஆபரேட்டர்கள் மேடையில் வரிசையாக நின்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். சிலர் வில்லுப்பாட்டாகவும் நாடகமாகவும் செய்து காட்டுவதுண்டு. அவர்களே அரங்கில் அதிகம் கைதட்டல் வாங்குவார்கள். தமிழில், தங்கள் வாயால் சொல்ல இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கைதட்டல் போதும்.

கைசன் தாளிலும் இதே கதை. இடது பக்கம் 'முன்' படம், வலது பக்கம் 'பின்' படம், கீழே மிச்சமான ரூபாய். நடுவில் இருக்க வேண்டியது, அதாவது அந்த ஆள் எப்படி யோசித்தார், முதலில் எது பலிக்கவில்லை என்பது, கட்டத்தில் அடங்காது. 'கெம்பா டொ கியூ.சி.'யின் பக்கங்கள் நிரம்பியது அந்த நடுப்பகுதியால்தான். ஒரு ஆலையில் கண்டது அடுத்த ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது பத்திரிகை வழியாக. இங்கே பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர் கண்டுபிடித்த எளிய வழி மாம்பாக்கத்துக்குத் தெரிய வழியில்லை. கம்பெனியின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு தடை ஆழமானது. ஜப்பானியக் குழு, அடுத்த ஆண்டும் அடுத்த பத்தாண்டும் அதே ஆலையில் இருக்கப்போகிறவர்களின் குழு. ஒரகடத்து லைனில் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் கான்ட்ராக்ட் ஆள் நிற்கிறார், அவருக்குப் பக்கத்தில் அப்ரண்டிஸ், அடுத்து டிரெய்னி. செய்வது ஒரே வேலை. சம்பளமும் எதிர்காலமும் வேறு வேறு. சில மாதங்களில் கணக்கு முடித்து அனுப்பப்படுபவர் அந்த எந்திரத்தின் கோளாறுக்கு மூலகாரணம் தேடி என்ன செய்யப்போகிறார்? தர வட்டம் தோற்கிறது என்று மனிதவளத் துறை பயிற்சியாளரை அழைப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜப்பானிலும் இந்தக் குழுக்கள் குறையற்றவை அல்ல. தன்னார்வம் என்ற பெயரில் வேலை நேரத்துக்குப் பின் ஊதியமின்றி நடந்தவை பல. 2002இல் டொயோட்டா தொழிலாளி ஒருவர் வேலையிடத்தில் சரிந்து விழுந்து இறந்தார். அவர் தர வட்டத்துக்குச் செலவிட்ட நேரமும் வேலை நேரமே என்று 2007 நவம்பரில் நகோயா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜூன் முதல் அந்த நேரத்துக்கு முழு ஓவர்டைம் தருவதாக டொயோட்டா அறிவித்தது. தாயகத்திலேயே முடிவான இந்த விஷயத்தை இங்குள்ள ஆலைகள் தங்கள் விதிப் புத்தகத்தில் எழுதிவைக்கத் தயங்கக் கூடாது.

அதேபோல, குழு தொழிற்சங்கத்துக்கு மாற்று அல்ல. 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. திருகாணி எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல யோசனைப் பெட்டி உண்டு. சம்பளம், வேலை நேரம் பற்றிப் பேச வேறு வாசல் வேண்டும். ஒரு வாசலைக் காட்டி இன்னொன்றை அடைத்தால் இரண்டிலும் ஆள் வரமாட்டார்கள். நல்ல தரம் மட்டுமே ஆலையைக் காப்பாற்றாது என்பதற்கும் இதே மண்ணில் சான்று உண்டு. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டதற்கு வரி வழக்கும் மைக்ரோசாஃப்ட் வாங்கிய கைப்பேசித் தொழிலில் அந்த ஆலை சேராமல் போனதும் காரணம். அங்கே கைப்பேசி கோத்த பெண்களின் கைத்திறமை அல்ல.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு பத்திரிகையின் தேவை அப்படியே நிற்கிறது. தமிழில் தொழில்நுட்பம் எழுத வராது என்ற சாக்குக்கு இடமில்லை. ஜி.ஆர். தாமோதரன் கோவையில் 1940களின் இறுதியில் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தமிழில் மாதாமாதம் சொல்லிக்காட்டியது. பட்டறைத் தமிழ் அதைவிட எளிது. லைன், ஷிப்ட், ரீவொர்க், ஃபிக்ஸ்சர் என்று வாயில் புழங்கும் சொற்களை அப்படியே அச்சில் ஏற்றினால் போதும். கலைச்சொல் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால்தான் பத்திரிகை செத்துப்போகும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து தண்டலத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காகச் சில பக்கங்கள் இந்தியிலும் வேண்டியிருக்கும்.

வாசகருக்கும் பஞ்சமில்லை. வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். பெரும்பாலும் பள்ளிப் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்து வந்த இளம் பெண்கள். 1962இன் ஜப்பானிய ஃபோர்மேனைவிட இவர்கள் அதிகம் படித்தவர்கள். கையில் செல்போன் இருக்கும்போது அச்சுப் பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேசுவதற்கு அச்சைவிட வசதியானது இன்னும் வரவில்லை. லைனுக்குள் செல்போனை விடாத ஆலைகளும் பல.

நடத்த வேண்டியவர்கள் யார் என்பதும் தெளிவு. எந்த ஒரு கம்பெனியும் நடத்தினால் அது அந்தக் கம்பெனியின் புகழ் பாடும் வீட்டுப் பத்திரிகையாகிவிடும். ஜப்பானில் அதை நடத்தியது பொறியாளர் ஒன்றியம். இங்கே தர வட்ட மன்றத்தின் சென்னைக் கிளை, இந்தியத் தொழிலகக் கூட்டமைப்பின் தென்மண்டலம், அரசின் வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை, சிப்காட் ஆகியவை சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆசிரியர் குழுவில் பாதி இடமாவது லைனிலிருந்து வந்த சூப்பர்வைசர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் இருக்கட்டும். இலவசமாக மட்டும் கொடுத்துவிட வேண்டாம். ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீயும் வடையும் என்ன விலையோ, அந்த விலை போட்டு விற்கட்டும்.